சம்பளத்தில் கால் பங்கு பிடிக்கப்பட்டபோது

இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை வரும் சம்பளச் சீட்டில், மருத்துவக் காப்பீட்டுக்குக் கீழே, 'கார்னிஷ்மென்ட்' (கடனுக்காக நீதிமன்ற உத்தரவின்படி சம்பளத்தில் செய்யப்படும் பிடித்தம்) என்ற பெயரில் 480 டாலர் கழிக்கப்பட்டிருந்தது. நான்கு நாட்களுக்கு முன்பே சம்பளப் பிரிவு அனுப்பியிருந்த மின்னஞ்சலை, ஆண்டுதோறும் வரும் காப்பீட்டு அறிவிப்பு என்று நினைத்து நான் திறக்கவே இல்லை. திறந்து பார்த்தபோது, நான் அறியாமலேயே என்மீது வழக்கு நடந்து, 10,950 டாலருக்குத் தீர்ப்பும் ஆகியிருப்பது தெரிந்தது.

கடன் என்னுடையதுதான். அமெரிக்காவில் வேலை இல்லாமல் இருந்த மாதங்களில் கிரெடிட் கார்டில் 7,400 டாலர் சேர்ந்துவிட்டது. தவணை கட்டாமல் 180 நாட்கள் கடந்ததும், கணக்கை 'சார்ஜ் ஆஃப்' செய்துவிட்டதாக வங்கி கடிதம் அனுப்பியது. அந்தச் சொல்லைத் தள்ளுபடி என்று நானாகவே பொருள்கொண்டு நிம்மதியடைந்தது என் முதல் தவறு. அது வங்கி தன் கணக்கில் நட்டமாக எழுதிக்கொள்வது மட்டுமே. கடன் அப்படியே இருக்கும், அதை வேறொரு நிறுவனத்துக்கு விற்கவும் முடியும். என் கடனை வாங்கிய நிறுவனம்தான் வழக்குத் தொடுத்திருந்தது.

பிடித்தம் எவ்வளவு என்பதை மத்திய சட்டம் வரையறுக்கிறது. 1968-ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சாதாரணக் கடனுக்காக, கட்டாயப் பிடித்தங்கள் போக மீதமுள்ள ஊதியத்தில் 25 சதவீதமோ, அப்படி மீதமுள்ள வார ஊதியத்தில் 217.50 டாலருக்கு மேற்பட்ட தொகையோ, இவற்றில் எது குறைவோ அதுவரைதான் பிடிக்கலாம். மத்தியக் குறைந்தபட்ச ஊதியமான 7.25 டாலரின் 30 மடங்குதான் அந்த 217.50. டெக்சாஸ், பென்சில்வேனியா போன்ற சில மாநிலங்களில் கார்டு கடனுக்குச் சம்பளத்தைத் தொடவே முடியாது. நான் இருக்கும் மாநிலம் மத்திய வரம்பையே பின்பற்றுகிறது.

என் கையில் கிடைத்துவந்தது 1,586 டாலர், அதில் கால் பங்கு 396.50 தானே என்று சம்பளப் பிரிவுப் பெண்மணியிடம் வாதாடினேன். அவர் பொறுமையாக விளக்கினார்: சட்டப்படி கட்டாயமான வரிகளும் சமூகப் பாதுகாப்புப் பிடித்தமும் மட்டுமே முதலில் கழிக்கப்படும், நானாக விரும்பிச் செலுத்தும் 401(கே) ஓய்வூதியச் சேமிப்பும் காப்பீட்டுச் சந்தாவும் அந்தக் கணக்கில் சேரா. 2,400 டாலரில் வரிகள் போக 1,920. அதில் கால் பங்கு 480. கணக்கு சரி. ஒரு கடனுக்கான பிடித்தத்தைக் காரணம் காட்டி வேலையிலிருந்து நீக்க அதே சட்டம் இடம் தருவதில்லை என்று அவரே சொன்னது பெரிய ஆறுதலாக இருந்தது. இரண்டாவது கடனுக்கும் பிடித்தம் வந்தால் அந்தப் பாதுகாப்பு இல்லை.

மறுநாள் நீதிமன்ற அலுவலகத்துக்குச் சென்று வழக்குக் கோப்பின் நகலைப் பெற்றேன். அதில் சம்மன் சேர்ப்பித்தவர் கொடுத்த பிரமாணப் பத்திரம் இருந்தது. ஏறத்தாழ 50 வயதுள்ள, கண்ணாடி அணிந்த, உடன் வசிக்கும் ஆண் ஒருவரிடம் ஒப்படைத்ததாக எழுதி, என் பழைய வீட்டு முகவரியைக் குறிப்பிட்டிருந்தார். அந்த வீட்டை நாங்கள் காலி செய்து ஒன்பது மாதங்கள் கழிந்த பிறகு வரும் தேதி அது. எங்கள் குடும்பத்தில் அந்த வயதில் ஆண் எவரும் இல்லை. சம்மனுக்குப் பதில் வராததால் எதிர்வாதமே கேட்காமல் ஒருதலைத் தீர்ப்பு வழங்கப்பட்டிருந்தது.

இலவசச் சட்ட உதவி மையத்தில் ஒரு மணி நேரம் ஆலோசனை பெற்று, தீர்ப்பை ரத்து செய்யும்படி மனு எழுதினேன். புதிய வீட்டின் வாடகை ஒப்பந்தம், மின்கட்டண ரசீதுகள், முகவரி மாற்றிய ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றை இணைத்தேன். விசாரணை பத்து நிமிடம்கூட நீடிக்கவில்லை. எப்போது வீடு மாறினீர்கள், வழக்கை எப்போது அறிந்தீர்கள் என்ற இரண்டு கேள்விகளுக்குப் பிறகு நீதிபதி தீர்ப்பை ரத்து செய்தார்; பிடித்தம் நின்றது. அதற்குள் மூன்று சம்பளங்களில் 1,440 டாலர் போயிருந்தது.

தீர்ப்பு ரத்தானாலும் வழக்கு உயிரோடுதான் இருந்தது. ஆகவே இம்முறை உரிய காலத்துக்குள் பதில் மனு தாக்கல் செய்து, கடன் கைமாறியதற்கான ஆவணங்களையும் வட்டிக் கணக்கையும் கேட்டேன். அதன் பிறகே எதிர்த்தரப்பு வழக்கறிஞர் சமரசம் பேச வந்தார். 6,200 டாலரில் முடித்துக்கொள்வது, ஏற்கெனவே பிடித்த தொகையை அதில் கழிப்பது, மீதி 4,760 டாலரை மாதம் 340 வீதம் 14 தவணைகளில் செலுத்துவது என்று உடன்பட்டோம். முதல் தவணையை உடனே அனுப்பும்படி தொலைபேசியில் வற்புறுத்தினார்கள்; கடைசித் தவணைக்குப் பின் மீண்டும் தொடுக்க முடியாதபடி வழக்கு முடித்துவைக்கப்படும் என்ற வாசகத்துடன் ஒப்பந்தம் கையெழுத்தாகி வரும்வரை நான் ஒரு சென்ட்கூட அனுப்பவில்லை.

தவணைகள் முடிந்து வழக்கும் முடிக்கப்பட்ட பின், ஜனவரியில், ரத்தான கடன் தொகையை வருமான வரிக்காகத் தெரிவிக்கும் 1099-சி படிவம் வந்தது. விட்டுக்கொடுக்கப்பட்ட அசல் 1,200 டாலரை வருமானமாகக் காட்ட வேண்டும் என்பதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. கடன்கள் சொத்தைவிட அதிகமாக இருந்தவர்கள் 982 எண் படிவத்தின் மூலம் விலக்குக் கோரலாம். எங்களிடம் பழைய காரும் சிறிது சேமிப்பும் இருந்ததால் அது பொருந்தவில்லை, வரியைக் கட்டினேன்.