ஆன் ஆர்பர்ல ஒரு நவம்பர் சனிக்கிழமை

2023 நவம்பர்ல மிச்சிகன்ல இருக்கற அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன், அவங்க கான்டன்ல இருக்காங்க, அங்கருந்து ஆன் ஆர்பர் கார்ல அரை மணி நேரம்தான். அக்கா பையன் மிச்சிகன் யுனிவர்சிட்டில படிக்கிறான். நான் வந்ததுலருந்து அவனுக்கு ஒரே பேச்சு, 25ஆம் தேதி ஒஹாயோ ஸ்டேட் யுனிவர்சிட்டி கூட நடக்கற அமெரிக்கன் ஃபுட்பால் மேட்ச். "அப்படி என்னடா அந்த மேட்ச்ல?"ன்னேன். "மாமா, ரெண்டு டீமும் 11-0, ஒண்ணுலயும் தோக்கல. தோத்தா பெரும்பாலும் கதை முடிஞ்சிது, வந்து பாருங்க"ன்னான்.

அவன் சொன்னது சும்மா இல்ல. அப்ப சாம்பியன் யாருன்னு முடிவு பண்ற பிளேஆஃபுக்கு நாலே டீம்தான், கடைசி மேட்ச்ல தோத்துட்டா உள்ள போறது ரொம்பக் கஷ்டம். மிச்சிகனுக்கு அந்த மாசமே சோதனைதான். எதிர் டீமோட சைகைகளத் திருட்டுத்தனமா படிச்சாங்கங்கற விசாரணையில, அவங்க ஆடற பிக் டென் லீக் அவங்க கோச் ஜிம் ஹார்பாவ மூணு மேட்சுக்கு மைதானத்துப் பக்கமே வரக் கூடாதுன்னுடுச்சு, துணை கோச் ஷெரோன் மூர்தான் பாத்துக்கிட்டார். பென் ஸ்டேட்ட 24-15, மேரிலேண்ட 31-24ன்னு ஜெயிச்சாங்க, அந்த ரெண்டாவதுதான் அந்தக் காலேஜோட 1000ஆவது வெற்றி, வேற எந்தக் காலேஜும் அதுவரைக்கும் தொட்டதில்ல.

காலைலயே கிளம்பிட்டோம். ஸ்டேடியத்துக்குப் பக்கத்துல கோல்ஃப் மைதானப் புல்லு மேலயே வரிசையா கார், டிக்கியத் திறந்து வச்சு அடுப்பு மூட்டி கறி சுட்டுக்கிட்டு இருக்காங்க, தாத்தாவுலருந்து கைக்கொழந்தை வரைக்கும் மஞ்சளும் நீலமும். நம்ம ஊர் திருவிழாவுக்கு முந்தின நாள் இருக்குமே அந்த வாசனை, அந்த சத்தம்.

ஸ்டேடியம் வெளியருந்து பாத்தா அவ்ளோ ஒசரம் தெரியல, இதுக்கா இவ்ளோ பேச்சுன்னு நெனச்சேன். 1927ல திறந்தது, பெரும்பகுதி தரைக்குள்ள தோண்டி எறக்கினது. கேட்டுக்குள்ள நொழஞ்சதும் கால்கிட்டருந்து படி படியா கீழ எறங்குது, கோயில் குளத்துப் படித்துறை மாதிரி, தண்ணி இருக்க வேண்டிய எடத்துல பச்சையா செயற்கைப் புல்தரை. அன்னிக்கு 1,10,615 பேர். சீட்டுன்னு தனியா எதுவும் இல்ல, நீளமான அலுமினிய பெஞ்சு, நம்பர் போட்டிருக்கும், ஆளாளுக்கு குளிர் கோட்டு போட்டுக்கிட்டு வந்தா அந்த எடம் பத்தாது, தோளும் தோளும் ஒட்டித்தான் உக்காரணும். குளிருக்கு அதுவே நல்லதாப் போச்சு.

ஆட்டம் எனக்குப் புரியறதுக்கு கால் மணி நேரம் ஆச்சு. நாலு வாய்ப்புக்குள்ள பத்து யார்டு முன்னேறணும், முடியலன்னா பந்து எதிராளிக்கு. கபடில ஒவ்வொரு அடியும் எப்படி சண்டையோ அப்படித்தான். மூணாவது குவார்ட்டர்ல 17-17.

அப்பத்தான் அது நடந்துச்சு. மிச்சிகன் கேப்டன்கள்ல ஒருத்தன் சாக் சின்ட்டர், 65ஆம் நம்பர், முன்வரிசைல நின்னு வழி பண்ணிக் குடுக்கறவன், பந்தத் தொடவே மாட்டான். கீழ விழுந்தவன் எழுந்திரிக்கல. கால் எலும்பு ரெண்டும் ஒடஞ்சிருச்சுன்னு அப்பறம்தான் தெரிஞ்சுது. ஒரு லட்சம் பேர் இருக்கற எடம் அப்படி அமைதியாகும்னு நான் நெனச்சே பாக்கல. எனக்குப் பக்கத்துல உக்காந்திருந்த பெரியவர் தொப்பியக் கழட்டி நெஞ்சுல வச்சுக்கிட்டார், அவர் கையுறை நடுங்கிச்சு. டீமே அவனச் சுத்தி நின்னுச்சு, வண்டில ஏத்திக் கொண்டு போனாங்க.

அடுத்த பந்து. நெஜமாவே அதுக்கு அடுத்த பந்து. மிச்சிகனோட பிளேக் கோரம் பந்த வாங்கி 22 யார்டு ஓடி டச்டவுன், அதாவது பந்தோட எதிராளியோட கடைசிக் கோட்டத் தாண்டிட்டான். ஓடி முடிச்சதும் வெரல்ல ஆறும் அஞ்சும் காட்டினான், சின்ட்டரோட நம்பர். அக்கா பையன் என்னக் கட்டிப் புடிச்சுக்கிட்டு அழறான், எனக்கும் கண்ணு நெறஞ்சிருச்சு, அன்னிக்கு மத்தியானம் வரைக்கும் பேரே தெரியாத பசங்க அவங்க.

கடைசில ஒஹாயோ ஸ்டேட் கிட்ட வந்துட்டாங்க, ஒரு டச்டவுன் போட்டா ஜெயிச்சிருப்பாங்க. அரை நிமிஷம் கூட இல்லாத நேரத்துல மிச்சிகனோட ராட் மூர் அவங்க எறிஞ்ச பந்தப் புடிச்சுட்டான். 30-24. பெரியவர் என் கையப் புடிச்சு குலுக்குன குலுக்கு இன்னும் ஞாபகம் இருக்கு.

அதுக்கப்பறம் நான் திருச்சி வந்துட்டேன். பிளேஆஃப் அரையிறுதியான ரோஸ் பவுல்ல மிச்சிகன் அலபாமாவ ஓவர்டைம்ல 27-20, ஹியூஸ்டன் ஃபைனல்ல வாஷிங்டன 34-13, மொத்தம் 15-0. ஃபைனல் நமக்கு ஜனவரி 9 காலைல, ஃபில்டர் காபியோட ஃபோன்ல பாத்தேன். கோரம் அதுலயும் ரெண்டு டச்டவுன்.

ஏப்ரல்ல பையன் மெசேஜ் போட்டான்: "மாமா, சின்ட்டர கிளீவ்லேண்ட் டீம் எடுத்துட்டாங்க, இனிமே ஒஹாயோலதான் இருக்கப் போறான்." அந்த வருஷமே அந்தக் காலோட ப்ரொஃபெஷனல் லீக்கான என்எஃப்எல்ல எறங்கி ஆடினான்.