ஜூன் 14-க்குப் பிறகும் ஒரு கோடை முகாம்

ஏப்ரல் 15 பிறந்தால் வடசென்னையின் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டப்பட்டுவிடும். மீன்களின் இனப்பெருக்கத்துக்காகக் கிழக்குக் கடற்கரையில் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். இந்தக் கடலோரத் தெருக்களில் கோடை முகாம் நடத்தும் எங்களுக்குப் பள்ளி நாட்காட்டியைவிட இந்தத் தேதிகள் முக்கியம். பிள்ளைகளும் அப்பாக்களும் சேர்ந்து வீட்டில் இருப்பது இந்த வாரங்களில்தான். மற்ற மாதங்களில் விசைப்படகில் போகிறவர் ஒரு வாரம், பத்து நாள் என்று கடலிலேயே தங்கிவிடுவார். கரைக்கு வந்தாலும் ஏலம், ஐஸ், டீசல் என்று துறைமுகத்திலேயே பாதிப் பொழுது போய்விடும்.

அதனால் மே மாதத்தில் ஆள் சேர்ப்பது சிரமமே இல்லை. அக்கினி நட்சத்திர வெயிலிலும் பிள்ளைகள் வருவார்கள், பெற்றோர் வாசலில் நின்று பார்ப்பார்கள், நிறைவு விழாவில் உட்கார இடம் இருக்காது. ஜூன் பாதியில் எல்லாம் ஒரே வாரத்தில் கலைந்துவிடும். பள்ளி திறந்திருக்கும், படகுகள் கிளம்பியிருக்கும். முகாமுக்காகத் தொடங்கிய வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கப் படங்கள் மட்டும் வந்துகொண்டிருக்கும்.

இதைச் சரிசெய்ய மாதம் ஒரு நிகழ்ச்சி வைக்கலாம் என்பதுதான் சமூகப்பணியில் இருப்பவர்கள் பொதுவாகச் சொல்லும் யோசனை. எனக்கு அதில் அவ்வளவாக நம்பிக்கை இல்லை. நிகழ்ச்சிக்கு வருகிறவர் விருந்தாளி; வந்துவிட்டுப் போய்விடுவார். நான் நம்புவது வேறு ஒன்றை. முகாமில் தொடங்கி, முகாமுக்குள் முடியாத வேலை ஒன்று தெருவில் மிச்சம் இருக்க வேண்டும். அதற்குப் பொறுப்பானவர் அந்தத் தெருக்காரராகவே இருக்க வேண்டும்.

கால்பந்து வலையைச் சொல்கிறேன். வடசென்னையில் கால்பந்துக்கு யாரும் ஆள் பிடிக்க வேண்டியதில்லை. எங்கள் மைதானத்தில் இரண்டு இரும்புக் கம்பங்கள் இருந்தன, வலை இல்லை. முழு அளவு கோல் கம்பம் 24 அடி அகலம், 8 அடி உயரம். எங்களுடையது அதில் ஏறக்குறையப் பாதி. கடையில் வாங்கினால் மறுநாளே மாட்டிவிடலாம். நன்கொடையாளர் ஒருவர் வாங்கித்தரவும் தயாராக இருந்தார். பிள்ளைகளே பின்னட்டும், விசைப்படகில் வேலை பார்க்கும் ஓர் அண்ணன் கற்றுக்கொடுக்கட்டும் என்று முடிவு செய்தோம்.

அவர் நைலான் கயிற்றை வலை ஊசியின் நடு நாக்கில் சுற்றிக்கொண்டு, வலையின் ஓரத்தைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்து உட்காருவார். கண்களெல்லாம் ஒரே அளவாக வர ஒரு மரத்துண்டை உள்ளே வைத்துக் கயிற்றை அதன்மேல் சுற்றி முடிச்சுப் போடுவார். பிள்ளைகள் போடும் முடிச்சை இரண்டு விரலால் பிடித்து ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்பார். நழுவினால், ஒன்றும் சொல்லாமல் அவிழ்த்து அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுவார். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், வகுப்பில் பத்து நிமிடம் உட்காரமாட்டான் என்று அவன் அம்மாவே குறைபட்டுக்கொள்ளும் பிள்ளை, அவர் பக்கத்தில் மாலை முழுக்க உட்கார்ந்திருந்தான்.

முகாம் முடிந்தபோது வலை பாதிகூட முடியவில்லை. ஹவுசிங் போர்டில் தரைத்தளத்து வீடு ஒன்றின் ஜன்னல் கம்பியில் அதைக் கட்டித் தொங்கவிட்டோம். அந்த வீட்டு அம்மாதான் பொறுப்பு. பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னினார்கள். கடலுக்குப் போன அண்ணன், படகு கரைக்கு வரும்போதெல்லாம் வந்து முடிச்சுகளை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனார். அலுவலகத்திலிருந்து நாங்கள் ஒருமுறைகூட யாரையும் போனில் அழைக்க வேண்டியிருக்கவில்லை. நாங்கள் போய்ப் பார்த்தபோது, எங்களுக்குத் தெரியாத பிள்ளைகள் சிலரும் வலை ஊசியோடு உட்கார்ந்திருந்தார்கள்.

கேரம் பலகைகளையும் இப்படித்தான் வீடுகளில் வைத்தோம். எட்டாம் வகுப்புக்கு மேல் பெண் பிள்ளைகள் முகாமுக்கு வருவது குறைந்துவிடும் என்பது இந்த வேலையில் என்னை மிகவும் வருத்தும் விஷயம். ஓர் அம்மா நேராகவே சொன்னார்: “அனுப்ப எனக்கு மனசு இருக்கிறது டீச்சர். இருட்டினபிறகு யார் கூட்டிவருவது?” நியாயமான கேள்வி. அரங்கத்தில் இருந்த பலகைகளைத் தெருவுக்கு ஒன்றாகப் பிரித்து, வெளிச்சமும் திண்ணையும் உள்ள வீடுகளில் கொடுத்தோம். பவுடர், ஸ்ட்ரைக்கர், காய்கள் எல்லாம் அந்த வீட்டுப் பெரிய பெண்ணின் பொறுப்பு. 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பை கேரம் போட்டியில் வடசென்னையின் காசிமா மூன்று தங்கம் வென்றபிறகு வேலை இன்னும் எளிதாகிவிட்டது. ஆட்டோ ஓட்டுநரின் மகள், நம் பக்கத்துப் பெண் என்பதற்குமேல் எந்த அம்மாவுக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது எங்கள் பிள்ளைகள் தண்ணீர் கொடுப்பார்கள். அது தெருவின் விழா; அங்கே எங்கள் பேனர் கட்டுவதில்லை.

மழைக்காலம்தான் உண்மையான சோதனை. முகாம் சேர்க்கைப் பதிவேட்டைப் பெயர், வகுப்பு, தொலைபேசி எண்ணோடு நிறுத்தாமல், வீட்டில் நடக்க முடியாத முதியவர் இருக்கிறாரா, கைக்குழந்தை இருக்கிறதா, வீடு தரைத்தளமா என்றும் கேட்டு எழுதிவைக்கும் வழக்கம் எங்களுக்கு உண்டு. பெரிய பிள்ளைகள்தான் வீடு வீடாகப் போய் இதை எழுதுவார்கள், தீபாவளிக்கு முன்பு ஒருமுறை திருத்தியும் வைப்பார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் மின்சாரம் போய், போன்களும் அடங்கியபிறகு, அந்தப் பதிவேட்டைப் பார்த்துத்தான் யார் வீட்டுக்கு முதலில் போக வேண்டும் என்று அந்தப் பிள்ளைகள் பெரியவர்களிடம் சொன்னார்கள். தொடர்ந்து எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்து, அங்குள்ள மீனவர்களின் படகுகளும் வலைகளும் கறுத்துப்போயின. எங்கள் பிள்ளைகள் சிலருக்கு அந்தப் பக்கம் தாய்மாமன் வீடு. அரையாண்டுத் தேர்வு வேறு நெருங்கியிருந்தது. நனைந்துபோன நோட்டுகளின் பாடங்களை மாடிவீட்டுப் பிள்ளைகள் தரைத்தளத்துப் பிள்ளைகளுக்கு எழுதிக்கொடுத்தார்கள். இதை யாரும் திட்டமிடவில்லை. மே மாதத்தில் ஒரே குழுவில் இருந்தவர்கள், அவ்வளவுதான்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். முகாமுக்கு நன்கொடை கிடைக்கும்; சீருடை, தொப்பி, மேடை எல்லாம் புகைப்படத்தில் நன்றாக வரும். மற்ற மாதங்களில் செலவு என்பது டீ, பஸ் கட்டணம், நைலான் கயிறு, ஒரு பகுதிநேர ஊழியரின் சம்பளம். அந்தச் சம்பளத்தை நான் யாருக்காகவும் விட்டுக்கொடுக்கமாட்டேன். சமூகப்பணி படித்தவரை வெளியிலிருந்து கொண்டுவருவதைவிட, காலையில் மீன் விற்றுவிட்டு மதியம் ஓய்வாக இருக்கும் ஓர் அக்காவுக்கு அந்த வேலையைக் கொடுப்பதே சரி என்று உறுதியாக நம்புகிறேன். எந்த வீட்டில் சண்டை, எந்தப் பிள்ளை பள்ளிக்குப் போவதை நிறுத்திவிட்டான் என்பதெல்லாம் அவருக்குத்தான் முதலில் தெரியும். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் காசிமேட்டுச் சந்தை பரபரப்பாக இருக்கும்போது பெற்றோர் கூட்டம் வைக்கக்கூடாது, சாப்பாடு முடிந்து மூன்று மணிக்கு வைக்க வேண்டும் என்று எங்களுக்குச் சொன்னவரும் அவர்தான்.

பொங்கல் முடிந்ததும் அடுத்த முகாமுக்கான பேச்சு தொடங்கிவிடும். கால அட்டவணையை அம்மாக்கள் போடுகிறார்கள், நாங்கள் எழுதிக்கொள்கிறோம். இந்த ஆண்டு மாலை நேரத்தை முன்னால் தள்ளச் சொன்னார்கள். தண்ணீர் லாரி வரும் நேரத்துக்குள் பிள்ளைகள் வீடு திரும்பிவிட வேண்டுமாம். மைதானத்தில் வாரம் இரண்டு மாலை பெண் பிள்ளைகளுக்கு மட்டும் என்றும் கேட்டார்கள். பையன்கள் முணுமுணுத்தார்கள். வலையைத் தன் ஜன்னலில் கட்டிவைத்திருந்த அம்மா, அந்த வலையில் பாதியைப் பின்னியது யார் என்று கேட்டார். செவ்வாயும் வெள்ளியும் என்று முடிவாயிற்று.