பேசி முடிக்கிற விஷயம் இல்லை

நேற்று சாயங்காலம் தங்கச்சிமடம் கரையில் வலையிலிருந்து நண்டு எடுத்துக்கொண்டிருந்த அக்கா கேட்டார்: "கோயில், சர்ச், மதரஸான்னு நம்பித்தானே தம்பி பிள்ளையை அனுப்புறோம். அங்கேயே ஒருத்தன் தப்பா தொட்டா யாருகிட்ட போய்ச் சொல்ல?" கை வலையை விடவில்லை, கண் கலங்கிவிட்டது.

ஊர் மானம் என்று சொல்லிப் பெரியவர்கள் பேசி முடிக்கிற விஷயம் இல்லை இது. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி, தெரிந்தும் புகார் தராமல் மறைப்பதே குற்றம். தனக்குக் கீழே இருப்பவர் செய்ததை நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் 1 வருடம் வரை சிறை. குழந்தைகள் உதவி எண் 1098-க்கு எந்நேரமும் அழைக்கலாம். பிள்ளையை ஸ்டேஷனுக்கு இழுக்க வேண்டாம். போலீஸ்தான் சீருடை இல்லாமல் வீட்டுக்கு வந்து வாக்குமூலம் வாங்க வேண்டும். பிள்ளையின் பெயரும் வெளியே வரக்கூடாது.

அப்புறம், "அங்கே போகமாட்டேன்" என்று பிள்ளை அழுதால் அடித்து அனுப்பாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து ஏன் என்று கேளுங்கள்.