மூன்றில் ஒரு பங்கு அழகு

முதியோர் பராமரிப்பு வேலைக்கு இஸ்ரேல் போகிறவர்களுக்கு ஏஜென்ட்டுகள் சொல்லித்தருவது மருந்து, குளியல், சக்கர நாற்காலி, கொஞ்சம் எபிரேயம். வெள்ளிச் சாமான் துலக்கும் வேலையும் உண்டு என்று யாரும் சொல்வதில்லை. எருசலேமில், கெயுலா பகுதியில் நான் வேலை பார்த்த பக்தியான யூத வீட்டில் வெள்ளிக்கிழமை காலையில் அதுதான் முதல் வேலை. சுவரில் காரை உதிரும் வீடு. நாற்காலிகள் ஒன்றுக்கொன்று சேராதவை. ஆனால் கூடத்தில் ஒரு கண்ணாடி அலமாரி. அதற்குள் மெழுகுவத்தித் தண்டுகள், ஒயின் கிண்ணம், வாசனைப் பொருள் வைக்கும் கோபுரச் சிமிழ், ஹனுக்கா பண்டிகை விளக்கு என்று எல்லாம் வெள்ளி.

நான் குமரி மாவட்டத்து சி.எஸ்.ஐ. குடும்பத்தில் வளர்ந்தவன். நீதிமொழிகள் 31ஆம் அதிகாரம் ஞாயிறு பள்ளியிலேயே மனப்பாடம்: ‘சௌந்தரியம் வஞ்சனையுள்ளது, அழகும் வீண்.’ அதே பகுதியைத்தான் நான் பார்த்துக்கொண்ட வீட்டுத் தாத்தா ஒவ்வொரு வெள்ளி இரவும் பாட்டியைப் பார்த்துப் பாடுவார். (எபிரேயத்தில் சாபா, சாவ்தா என்றுதான் கூப்பிடுவேன். இங்கே தாத்தா, பாட்டி என்றே எழுதுகிறேன்.) அழகு வீண் என்ற வரி வரும்போது பாட்டி கழுத்தில் முத்துமாலை, தலையில் ஷப்பாத் என்ற ஓய்வுநாளுக்கென்றே எடுத்துவைத்திருக்கும் விக், முன்னால் நான் துலக்கிய வெள்ளி. பாட்டு ஒன்று சொல்கிறது, மேசை வேறொன்று சொல்கிறதே என்று எனக்குத் தோன்றும்.

அந்த ஒயின் கிண்ணத்தை நான் எவ்வளவு வேண்டுமானாலும் பளபளப்பாக்கலாம். ஆனால் பாட்டிலைத் திறந்தபின் ஒயினைத் தொடக்கூடாது. யூதரல்லாதவர் கை பட்டால் அது அவர்களுக்கு ஆகாது. காய்ச்சிய ஒயினுக்கு இந்த விலக்கு இல்லை என்பதால், எனக்காகவே பிறகு அதை வாங்க ஆரம்பித்தார்கள். தனி டம்ளர் கதைகளைக் கேட்டு வளர்ந்த எவனுக்கும் இது சுருக்கென்றுதான் இருக்கும். அந்தச் சுருக்கு முழுதாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன்.

யூதப் புத்தாண்டுக்கு முந்தைய எலூல் மாதத்தில் மெசூசா பார்க்க எழுத்தர் வருவார். வாசல் நிலையின் வலப்பக்கம் அடித்திருக்கும் கூட்டுக்குள் வேத வசனம் எழுதிய ஒரு தோல் சுருள்; அதுதான் மெசூசா. அதில் 22 வரிகளில் 713 எழுத்துகள். ஏழு ஆண்டில் இரண்டு முறை சரிபார்த்தால் போதும் என்பது சட்டம், தாத்தாவுக்கு வருஷா வருஷம் பார்க்க வேண்டும். கூடத்து வாசலில் இருந்தது ஒரு மருமகன் கொடுத்த வெள்ளிக் கூடு, நுணுக்கமான வேலைப்பாடு. எழுத்தர் அதை ஏறிட்டும் பார்க்கவில்லை. திருகாணியைக் கழற்றி, சுருளை உருவி, ஜன்னல் வெளிச்சத்தில் விரித்து, பூதக்கண்ணாடியை எழுத்து எழுத்தாக நகர்த்தினார். ஓரிடத்தில் மை வெடித்து ஓர் எழுத்தின் கால் அறுந்து, உருவமே மாறியிருந்தது. அவ்வளவுதான், சுருள் முழுதும் செல்லாது. பிற்பாடு தொட்டு எழுதிச் சரிசெய்யவும் வழியில்லை; முதல் எழுத்திலிருந்து கடைசிவரை வரிசை தப்பாமல் எழுதியிருக்க வேண்டும். புதுச் சுருள் வரும்வரை அந்த வெள்ளிக் கூடு சமையலறை மேசையில் கரண்டிகளோடு கிடந்தது.

இதைவிட எனக்கு நிறையப் புரியவைத்தது எத்ரோக் சந்தை. யோம் கிப்பூர் என்ற பாவநிவிர்த்தி நாள் முடிந்த கையோடு, கூடாரப் பண்டிகைக்கு முன்னால், தாத்தாவைத் தள்ளிக்கொண்டு போவேன். பேரீச்சங் குருத்து, மிர்ட்டில் தழை, ஆற்றலரி, எத்ரோக் கனி ஆகிய நான்கையும் கையில் பிடித்துச் செய்யும் வழிபாடு அது. எத்ரோக் பார்வைக்கு நம்மூர் நார்த்தங்காயின் உறவுக்காரன் போல இருக்கும். லேவியராகமம் ‘அலங்காரமான’ மரத்தின் கனி என்று சொல்லிவிட்டதால், இதில் அழகு என்பது அவரவர் ரசனை இல்லை, சட்டம். கறுப்புக் கோட்டுக்காரர்கள் நகைக்கடைக்காரரின் கண்வில்லையை வைத்துக்கொண்டு தோலைத் துழாவுவார்கள். நுனியை நோக்கிச் சரியும் மேல்பகுதியில் கடுகளவு கறுப்புப் புள்ளி இருந்தாலும் ஆகாது. கீழ்ப்பகுதியில் கொஞ்சம் விட்டுப்பிடிக்கலாம். நுனியில் நிற்கும் பிதம் என்ற சின்னக் காம்பு ஒடிந்தால் கழிவு. ஆனால் மரத்திலேயே காம்பு இல்லாமல் வளர்ந்த கனி செல்லும். இழந்தால்தான் குறை, பிறவியிலேயே இல்லாதது குறையில்லை.

ஒருமுறை நானே பார்த்து ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். மழமழவென்று, மஞ்சளாக, ஒரு புள்ளி இல்லாமல் இருந்தது. தாத்தா காம்பைப் பார்த்தார், தோலைத் தடவினார், திருப்பி வைத்துவிட்டார். எலுமிச்சையில் ஒட்டுக்கட்டியதாக இருக்குமோ என்று சந்தேகம். ஒட்டுக் கனியின் தோல் வழவழப்பாக இருக்கும், காம்பு மேலே துருத்தும். நல்ல வித்துக் கனிக்குத் தோல் கரடுமுரடு, சதை தடிப்பு, சாறு குறைவு, காம்பு உள்ளே அமுங்கியிருக்கும். எந்தத் தோட்டம், எந்த மரபு என்று ரபி என்ற மதகுரு கையெழுத்திட்ட சீட்டோடுதான் நல்ல கடைகளில் விற்பார்கள். வம்சம் சரியாக இருந்தால்தான் அழகைப் பற்றிய பேச்சே வரும் என்று அங்கே நின்றபோது புரிந்தது. வம்சம் தேறிவிட்டாலோ, அழகை ஒரு கை பார்க்காமல் விடமாட்டார்கள்.

கடவுளுக்குச் செய்வதை அழகாகச் செய் என்ற இந்தக் கடமைக்கு ஹித்தூர் மிட்ஸ்வா என்று பெயர். யூதர்களின் பழைய சட்ட நூலான தல்மூதில், ஷப்பாத் என்ற பகுதி பட்டியலே போடுகிறது: நல்ல கூடாரம், நல்ல குருத்தோலை, நல்ல மையும் நல்ல எழுதுகோலும் கொண்டு தேர்ந்த எழுத்தர் எழுதிய தோரா என்ற வேதச் சுருள். செலவுக்கு எல்லையும் உண்டு. அதே தல்மூதின் பாபா கம்மா பகுதியில், அழகுக்காகக் கூட்டிக் கொடுப்பது மூன்றில் ஒரு பங்கு வரைக்கும் என்று வருகிறது. எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது. ஆனால் சந்தையில் அந்தக் கணக்கு நிற்பதில்லை. வாடகை பாக்கி வைத்துக்கொண்டு சில நூறு ஷெகெலுக்கு எத்ரோக் வாங்கினவரை எனக்குத் தெரியும். அதைப் பக்தி என்று அவர் சொன்னார். ஜெப ஆலயத்தில் அடுத்த பெஞ்சுக்காரரின் எத்ரோக்கைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது என் எண்ணம்.

தாத்தா ஒரு குளிர்காலத்தில் போனார். எருசலேமில் உடலை இரவு தங்கவைப்பதில்லை. அன்றைக்கே ஹார் ஹமெனுஹோத் மலையில் அடக்கம். வெள்ளைத் துணி, பை வைக்காத தையல், பெட்டி கிடையாது. ஒரு காலத்தில் சாவுச் செலவு சாவைவிடக் கொடியதாகி, உறவினர்கள் உடலைப் போட்டுவிட்டு ஓடினார்களாம். ரபான் கமலியேல் என்ற தலைவர் தன்னைச் சாதாரண லினன் துணியில் அடக்கம் செய்யச் சொன்னபிறகே வழக்கம் மாறியது என்று தல்மூது சொல்கிறது.

துக்கத்தின் ஏழு நாளும் கண்ணாடிகளைத் துணியால் மூடியிருந்தார்கள். உதவிக்குப் போன என்னிடம் பாட்டிதான் கண்ணாடிகளைப் பற்றி ஒரு கதை சொன்னார். எகிப்தில் அடிமைவேலை செய்து சோர்ந்த கணவர்களைப் பெண்கள் கண்ணாடி பார்த்துச் சிங்காரித்துத் தேற்றினார்கள். பிள்ளைகள் பிறந்ததே அதனால்தான். வனாந்தரத்தில் ஆசரிப்புக் கூடாரத்துக்கு அந்தக் கண்ணாடிகளைக் காணிக்கையாகக் கொண்டுவந்தபோது மோசே முகம் சுளித்தார். ‘எல்லாவற்றையும்விட எனக்கு இவைதான் பிரியம்’ என்றாராம் கடவுள். குருமார் கைகால் கழுவும் தொட்டி அந்தக் கண்ணாடிகளால்தான் ஆனது. யாத்திராகமம் 38இல் ஒரே வசனம். அதற்கு ராஷி என்ற வேத உரையாசிரியர் எழுதிய உரையில் இருக்கிறது கதை. வெள்ளிக்கிழமை முத்துமாலைக்கு எனக்கு அன்றுதான் பதில் கிடைத்தது.

அதன்பின் நான் வேறு வீட்டில் வேலைக்குச் சேர்ந்தேன். பாட்டியைப் பார்க்கப் போனால் வாசல் கதவைச் சாத்தாமல் வைத்துப் பேசுவோம், ஆணும் பெண்ணும் தனித்திருக்கக் கூடாது என்பதால். பேத்தி கல்யாணத்துக்குக் கவுன் இரவல். வாடகையில்லாமல் கொடுக்க கெமாக் என்ற தர்ம ஏற்பாடுகள் எருசலேமில் ஏராளம். பழைய காலத்தில் திராட்சைத் தோட்டத்துக்கு ஆடப்போகும் பெண்கள் எல்லாரும், இல்லாதவள் கூசக்கூடாதென்று, இரவல் வெள்ளை உடையில்தான் போனார்களென்று மிஷ்னா என்ற பழைய சட்டத் தொகுப்பில் இருக்கிறதே என்று பாட்டிக்குப் பெருமை.

விக் மட்டும் இரவல் இல்லை. கல்யாணமான பெண் தலைமுடியை மறைக்க வேண்டும். மறைக்கிற விக் சொந்த முடியைவிட அழகாக இருக்கிறது, என் மாதச் சம்பளத்தைத் தாண்டுகிறது. மூன்றில் ஒரு பங்கு இதற்கு இல்லையா என்று கேட்டேன். ஓவாதியா யோசெஃப் போன்ற பெரிய ரபிகளே விக்கைக் கூடாதென்றவர்கள் என்று பாட்டி நழுவினார். 2004இல் ரபி எல்யாஷிவ், விக்குகளில் சேரும் திருப்பதி முடி விக்கிரகக் காணிக்கை என்று தடை சொன்னபோது, நியூயார்க்கின் புரூக்ளினிலும் இங்கேயும் தெருவில் விக்கைக் கொளுத்தினார்கள். பாட்டியுடையதும் அதில் போயிற்று.

“கொடுக்கிற பெண்களுக்கு அதை விற்பார்கள் என்று தெரியுமா?” என்று கேட்டார்.

“தெரியும். தேவஸ்தானமே ஏலம் விடுகிறது.”

“பிறகு எதற்குக் கொடுக்கிறார்கள்?”

“தங்கள் அழகைச் சாமிக்கு விட்டுக்கொடுப்பதாக நேர்ந்துகொள்கிறார்கள்.”

கொஞ்ச நேரம் யோசித்தார். “நல்ல பெண்கள்” என்றார். “ஆனால் அந்த முடி நமக்கு வேண்டாம்.”

பேத்தியின் விக் பெட்டியைத் திறந்து, ஐரோப்பிய முடி என்று ஒட்டியிருந்த சீட்டை எனக்குக் காட்டினார்.