பழைய ஆர்வி ஃப்ரிட்ஜ்: சரி செய்வதா, தூக்கிப் போடுவதா?

படுக்கை, சமையலறையோடு ஊர் சுற்றுகிற வீட்டு வண்டியான ஆர்வியில் ஃப்ரிட்ஜ் சரியாகக் குளிரவில்லை என்று யாரிடம் சொன்னாலும் முதலில் வரும் கேள்வி, "எத்தனை வருஷம் ஆச்சு?" பதினைந்து என்று சொன்னால் போதும், "அப்ப மாத்திடுங்க" என்று முடித்துவிடுகிறார்கள். இந்தக் கணக்கு எனக்கு ஒத்துவரவில்லை. இருபது வருஷம் தாண்டி ஓடுகிற ஆர்வி ஃப்ரிட்ஜையும் பார்த்திருக்கிறேன், ஐந்தாவது வருஷமே மண்டையைப் போட்டதையும் பார்த்திருக்கிறேன். கேட்க வேண்டியது இரண்டுதான்: உள்ளே எது போயிருக்கிறது, நீங்கள் வண்டியை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிற ஆள்.

எங்களுடையது 2009 மாடல், இன்னொரு வண்டியின் பின்னால் கோத்து இழுத்துப் போகிற ரகம். டெக்சஸில் பழையதாக வாங்கினோம், ஃப்ரிட்ஜும் வண்டியோடு வந்ததுதான். போன கோடையில் ஒரு ஸ்டேட் பார்க்கில் நிறுத்தியிருந்தபோது, சாயங்காலம் கதவைத் திறந்தால் தோசை மாவு டப்பாவின் மூடியைத் தள்ளிக்கொண்டு கீழ்த்தட்டு வரைக்கும் வழிந்திருக்கிறது, தயிர் புளித்துத் தண்ணீர் விட்டிருக்கிறது, ஆனால் மேலே ஃப்ரீசரில் ஐஸ் கட்டி கட்டியாகவே இருக்கிறது. ஊரிலிருந்து வந்திருந்த அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, நம்ம வீட்டு ஃப்ரிட்ஜ் எத்தனை வருஷம் உழைச்சுது, இதுக்கு என்ன கேடு?" என்றார். நியாயமான கேள்விதான், ஆனால் இரண்டும் ஒரே ஜாதி இல்லை.

வீட்டு ஃப்ரிட்ஜில் கம்ப்ரசர் இருக்கிறது. பழைய ஆர்வி ஃப்ரிட்ஜில் பெரும்பாலும் அது கிடையாது, மோட்டாரும் கிடையாது. இதை அப்சார்ப்ஷன் ஃப்ரிட்ஜ் என்பார்கள். பின்பக்கம் முழுக்க மூடி வெல்டிங் செய்த இரும்புக் குழாய்கள், அதற்குள் அம்மோனியா, தண்ணீர், ஹைட்ரஜன். கீழே கேஸ் அடுப்போ கரண்ட் ஹீட்டரோ சூடாக்க, அம்மோனியா தண்ணீரிலிருந்து பிரிந்து ஆவியாக மேலே போகும், உச்சியில் ஆறித் திரவமாகும், பிறகு ஃப்ரீசர் பக்கம் இறங்கி ஹைட்ரஜனோடு சேர்ந்து மறுபடி ஆவியாகும்போது பெட்டிக்குள் இருக்கிற சூட்டை இழுத்துக்கொள்ளும், கடைசியில் தண்ணீரில் கரைந்து கீழே வந்து சேரும். நெருப்பு வைத்துக் குளிரவைக்கிற இந்த வித்தையை 1922 வாக்கில் ஸ்டாக்ஹோமில் வான் பிளாட்டன், முன்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் கண்டுபிடித்தார்கள். கம்ப்ரசர் இல்லாத ஃப்ரிட்ஜ் என்கிற ஆசை ஐன்ஸ்டைனையும் விடவில்லை, இயற்பியலாளர் சிலார்டோடு சேர்ந்து அவரும் ஒரு டிசைன் போட்டு 1930இல் அமெரிக்கக் காப்புரிமையே வாங்கினார்.

அம்மோனியா முதலில் ஃப்ரீசருக்குப் போய்விட்டுத்தான் கீழ்ப்பெட்டிக்கு வரும். அதனால் இந்தக் குழாய்த் தொகுதி, அதாவது கூலிங் யூனிட், பலவீனமானால் மேலே ஐஸ் நிற்கும், கீழே மாவு பொங்கும். எங்களுக்கு நடந்தது அதுதான்.

குழாய்க்குள் எல்லாமே புவியீர்ப்பில் ஓடுவதால் வண்டி சமமாக நிற்க வேண்டும். சாய்வாக நிறுத்தி ஃப்ரிட்ஜை ஓடவிட்டால் திரவம் ஒரு பக்கம் தேங்கிவிடும், கீழே சூடாக்குகிற பாய்லர் மட்டும் காய்ந்து கொதிக்கும், உள்ளே துருப்பிடிக்காமல் இருக்கச் சேர்த்திருக்கிற சோடியம் குரோமேட் கெட்டியாகி வழியை அடைக்கும். அந்த அடைப்பு திரும்பச் சரியாகாது. ஓடும்போது வண்டி ஆடுவதால் பிரச்சினை இல்லை, நிறுத்துகிற இடம்தான் பிரச்சினை. எங்கள் வண்டியை முன்பு வைத்திருந்தவர் எந்தச் சரிவில் எத்தனை நாள் நிறுத்தினாரோ. பழைய வண்டி வாங்குகிறவர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்வது நல்லது, ஓடோமீட்டர் மாதிரி இதற்கு மீட்டர் எதுவும் கிடையாது.

சரி, எது போயிருக்கிறது என்று எப்படிப் பார்ப்பது? டெக்னீஷியனைக் கூப்பிடும் முன்பே பாதி தெரிந்துவிடும். கேஸில் குளிர்கிறது, கரண்டில் குளிரவில்லை என்றால் யூனிட் நன்றாகத்தான் இருக்கிறது. ஹீட்டர் போயிருக்கும், இல்லையென்றால் ஃப்யூஸ், அதுவும் இல்லையென்றால் கன்ட்ரோல் போர்டு. ஹீட்டரைக் கழற்றி மல்ட்டிமீட்டரில் பார்க்கலாம்: 120 வோல்ட் 325 வாட் ஹீட்டர் கிட்டத்தட்ட 44 ஓம் காட்ட வேண்டும், மீட்டர் எதுவுமே காட்டவில்லை என்றால் கம்பி அறுந்துவிட்டது. கரண்டில் குளிர்கிறது, கேஸில் இல்லை என்றால் பர்னரைப் பாருங்கள். வெளிச்சுவரில் இருக்கிற கீழ்க் காற்றுத் திறப்பை, அதாவது வென்ட்டைத் திறந்தால் சின்னத் தகடு மூடிய இடத்தில் இருக்கும், தீ நீலமாக, நேராக எரிய வேண்டும். மஞ்சளாகத் தள்ளாடினால் மேலே புகைக்குழாயிலிருந்து விழுந்த துருவோ, சிலந்திக் கூடோ அடைத்திருக்கும். புரொப்பேனில் கலக்கிற வாசனை சிலந்திக்குப் பிடிக்கும் என்று இங்கே சொல்வார்கள். பிடிக்குமோ இல்லையோ, கூடு நிஜமாகவே இருக்கும். இதெல்லாம் ஒரு மதிய வேலை, சில பத்து டாலர்தான். போர்டு என்றால் கொஞ்சம் கூட ஆகும். கதவு ரப்பரில் ஒரு டாலர் நோட்டை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் போய்விட்டது. இந்த ரகக் கோளாறுக்கெல்லாம் ஃப்ரிட்ஜையே மாற்றச் சொல்கிற ஆளிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாகவே இருக்கலாம்.

கேஸிலும் குளிரவில்லை, கரண்டிலும் குளிரவில்லை என்றால்தான் கவலை. வண்டியை மட்டம் பார்த்து நிறுத்தி, கரண்டில் போட்டு ஒரு நாள் முழுக்கக் கதவைத் திறக்காமல் விடுங்கள். உள்ளே ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டர் போட்டு வைத்தால் பொய் சொல்லாது, மறுநாள் அது 40 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே காட்ட வேண்டும். பின்னால் பாய்லர் பக்கம் கொதிக்கிறது, அதை ஒட்டிய சுருள் குழாய்கள் சூடேறாமல் வெளிக்காற்று மாதிரியே கிடக்கின்றன என்றால் உள்ளே ஓட்டம் நின்றுவிட்டது. எங்களுடையதில் சுருள் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருந்தது, டம்ளர் 56 காட்டியது. முழுசாகச் சாகவில்லை, ஆனால் பிழைக்கிற நிலையும் இல்லை.

இன்னொரு அடையாளம் இருக்கிறது, அதற்கு எந்தச் சோதனையும் வேண்டாம். அம்மோனியா நெடி, பின்பக்கக் குழாயில் மஞ்சள் பொடி. இரண்டில் எதைப் பார்த்தாலும் கேஸையும் கரண்டையும் நிறுத்திவிடுங்கள். ஹைட்ரஜன் எரியக்கூடியது, அந்த மஞ்சள் குரோமேட் புற்றுநோய் வரவழைக்கும் விஷம், வெறும் கையால் தொடக்கூடாது. 2006இல் பாய்லர் குழாயில் விரிசல் விழுந்து தீப்பிடிக்கலாம் என்று லட்சக்கணக்கான ஆர்வி ஃப்ரிட்ஜுகளைத் திரும்ப அழைத்தார்கள். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் கதவுக்குள் இருக்கிற மாடல் நம்பர், சீரியல் நம்பரை வைத்து ரீகால் வேலை முடிந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சிலர் கழற்றித் தலைகீழாகப் போட்டு எடு, அடைப்பு விட்டுவிடும் என்பார்கள். ஒன்றிரண்டு பேருக்கு விட்டிருக்கிறது, கொஞ்ச நாளில் மறுபடி அடைத்திருக்கிறது. அவ்வளவு கனமான பெட்டியைக் கழற்றிப் புரட்டுகிற சிரமத்துக்கு அது கட்டுப்படியாகாது.

ஆக, யூனிட் போய்விட்டது என்று முடிவானால் மூன்று வழி. முதல் வழி, பெட்டியை வைத்துக்கொண்டு பின்னால் குழாய்த் தொகுதியை மட்டும் மாற்றுவது. இந்தியானாவில் எல்கார்ட் சுற்றுவட்டாரம்தான் ஆர்வி தொழிலின் தலைநகர். அதன் பக்கத்தில் ஷிப்ஷவானா போன்ற ஊர்களில் ஆமிஷ் என்கிற கிறிஸ்தவப் பிரிவு மக்கள் இந்த கூலிங் யூனிட்டைக் கனமான குழாயில் வெல்டிங் செய்து விற்கிறார்கள். ஊர்க் கரண்ட் வேண்டாம் என்று வாழ்கிறவர்கள், வீட்டிலேயே கேஸ் ஃப்ரிட்ஜ் வைத்திருப்பவர்கள், இந்த வேலை அவர்களுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? யூனிட் மட்டும் ஆயிரம் டாலருக்குக் கொஞ்சம் கீழே என்றார்கள், மாட்டுகிற கூலி தனி. இரண்டாவது வழி, அதே அளவில் புது அப்சார்ப்ஷன் ஃப்ரிட்ஜ், மாட்டுவதற்கும் சேர்த்து எனக்குச் சொன்ன விலை இரண்டாயிரத்துக்கு மேல். மூன்றாவது, 12 வோல்ட் பேட்டரியில் ஓடுகிற கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ், ஆயிரத்து இருநூறு பக்கம். வீட்டு ஃப்ரிட்ஜையே வாங்கி உள்ளே தள்ளுகிறவர்களும் இருக்கிறார்கள், விலை குறைவுதான், ஆனால் வழியில் இன்வெர்ட்டர் வேண்டும், அளவும் பொருந்தாது, நான் அந்தப் பக்கம் போகவில்லை.

விலையைப் பார்த்தால் மூன்றாவதுதான் என்று தோன்றும். அங்கேதான் இரண்டாவது கேள்வி வருகிறது, எங்கே நிறுத்துகிறீர்கள் என்பது.

எட்டு கன அடி அப்சார்ப்ஷன் ஃப்ரிட்ஜ் கேஸில் மணிக்கு ஏறக்குறைய 1,500 பிடியு (வெப்பத்தை அளக்கிற அலகு) எரிக்கும். 20 பவுண்டு சிலிண்டரில் 4,30,000 பிடியு அளவுக்கு இருக்கிறது. அதாவது ஒரு சிலிண்டரில் நிற்காமல் பத்துப் பன்னிரண்டு நாள் ஓடும், பேட்டரியிலிருந்து போர்டுக்குக் கொஞ்சூண்டு கரண்ட் மட்டும் போதும். கரண்ட் இணைப்பே இல்லாத அரிசோனா பாலைவனத்தில் குவார்ட்சைட் பக்கம் குளிர்காலத்தில் பதினாலு நாள் தங்குகிறவர்களுக்கு இதை அடிக்க ஆள் இல்லை. கம்ப்ரசர் ஃப்ரிட்ஜோ ஒரு நாளைக்கு பேட்டரியிலிருந்து 50 முதல் 70 ஆம்ப்-ஹவர் (பேட்டரி கொள்ளளவின் அளவு) வரை குடிக்கும். லெட் ஆசிட் பேட்டரி ஒன்று 100 ஆம்ப்-ஹவர் என்று எழுதியிருந்தாலும் பாதிக்குக் கீழே இறக்கக்கூடாது, ஆக ஒரே நாளில் கதை முடிந்தது. லித்தியம் பேட்டரி வேண்டும், கூரையில் 200 வாட்டுக்குக் குறையாமல் சோலார் வேண்டும், மேகம் போட்டால் ஜெனரேட்டர் வேண்டும். ஃப்ரிட்ஜ் விலையோடு இதையெல்லாம் கூட்டினால் மலிவு எங்கே போயிற்றென்றே தெரியாது. ஏற்கெனவே லித்தியமும் சோலாரும் போட்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு வேறு.

வெயிலையும் கவனிக்க வேண்டும். அப்சார்ப்ஷன் ஃப்ரிட்ஜ் வெளியே இருக்கிற சூட்டோடு போராடுகிற ஜீவன். ஆகஸ்ட் மாத டெக்சஸில் நூறு டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல், சுவர் முழுக்க வெயில், பின்னால் விசிறி வைத்தும் நல்ல யூனிட்டே திணறும். கம்ப்ரசருக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை, சாய்வைப் பற்றியும் கவலைப்படாது, மதியம் போட்டால் சாயங்காலத்துக்குள் ஜில்லென்று ஆகிவிடும்.

அரிசோனாவில் இருக்கிற நண்பர் ஒருவர், "அண்ணே, கேஸை விடாதீங்க, பின்னாடி வருத்தப்படுவீங்க" என்றார். அவர் போகிற இடத்துக்கு அவர் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. நாங்கள் போவது ஸ்டேட் பார்க், கரண்டு இருக்கிற இடம், குழந்தைகள் ஏசி இல்லாமல் ஒரு ராத்திரி தாங்க மாட்டார்கள். ஏசிக்கு கரண்ட் இருக்கிற இடத்தில் ஃப்ரிட்ஜுக்கு இல்லாமலா போகும்? வழியில் ஓடுகிற ஆறேழு மணி நேரத்துக்கு இருக்கிற பேட்டரியே போதும், இழுக்கிற வண்டியிலிருந்தும் கொஞ்சம் சார்ஜ் ஏறும். கம்ப்ரசர் ஃப்ரிட்ஜின் கொள்ளளவைப் பார்த்த மனைவி இன்னும் சுருக்கமாகச் சொன்னாள்: "பத்து கன அடின்னா மாவு ரெண்டு டப்பா வைக்கலாம்." கம்ப்ரசர் வாங்கினோம்.

மாற்றுகிற வேலையில் யாரும் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு, அதை மட்டும் விரிவாகச் சொல்லிவிடுகிறேன். பழைய ஃப்ரிட்ஜின் போர்டுக்கு வருகிற 12 வோல்ட் ஒயர் மெல்லியது, ஒன்றிரண்டு ஆம்பியருக்குப் போட்டது. அதையே புது கம்ப்ரசரில் கோத்தால், கம்ப்ரசர் கிளம்புகிற நேரத்தில் ஏழெட்டு ஆம்பியர் இழுக்கும், ஒயரிலேயே வோல்டேஜ் விழுந்துவிடும், பேட்டரி நிறைந்திருந்தும் "வோல்டேஜ் குறைவு" என்று ஃப்ரிட்ஜ் தானாக அணைந்துவிடும். புது ஃப்ரிட்ஜில் கோளாறு என்று திருப்பி அனுப்புகிறவர்களில் பல பேருக்கு இந்த ஒயர்தான் வில்லன். ஃப்யூஸ் பெட்டியிலிருந்து தனியாகப் பத்து கேஜ் தடிமனான ஒயர் இழுத்து 15 ஆம்ப் ஃப்யூஸ் போட்டேன். வண்டியின் தரைக்கு அடியில் படுத்துக்கொண்டு இழுத்த அந்த வேலைக்குத்தான் அதிக நேரம் போனது, ஃப்ரிட்ஜை உள்ளே தள்ளுவதற்கு இல்லை. வாங்கும் முன் வண்டிக் கதவின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள், பல வண்டிகளில் 26 அங்குலத்துக்கு மேல் இருக்காது. நாங்கள் ஃப்ரிட்ஜ் கதவுகளையும் வாசல் கைப்பிடியையும் கழற்றிவிட்டுத்தான் உள்ளே கொண்டுபோனோம்.

கேஸ் குழாயை இரண்டு ஸ்பானர் போட்டுப் பிரித்து, முனையை ஃபிளேர் மூடியால் அடைத்து, சோப்புத் தண்ணீர் அடித்துக் குமிழி வருகிறதா என்று பார்த்தேன், வரவில்லை. பழைய பெட்டியைக் குப்பை மேட்டில் போட முடியாது, அம்மோனியா இருப்பதால் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் கொண்டுபோக வேண்டும், இரும்புக் கடைக்காரர் இரண்டு பேர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

பழைய ஃப்ரிட்ஜுக்காகச் சுவரிலும் கூரையிலும் இருந்த வென்ட் ஓட்டை இனி தேவையில்லை, சும்மா விட்டால் வெயில் காற்று நேராக உள்ளே வரும். புது ஃப்ரிட்ஜ் காற்றை முன்பக்கமிருந்தே எடுத்துக்கொள்கிற மாடல் என்று கையேட்டில் பார்த்துவிட்டு, கூரை வென்ட்டை உள்பக்கமாக ஃபோம் போர்டு வெட்டி அடைத்து டேப் ஒட்டிவிட்டேன். கீழ் வென்ட்டுக்கும் அதே ஃபோம்தான், ஆனால் கையால் இழுத்தால் வருகிற மாதிரி செருகி வைத்திருக்கிறேன், ஒயரைப் பார்க்க அது ஒன்றுதான் வழி.