ஹீட்டர் வால்வு ஒழுகினால் முதல் பயம் ஹீட்டர் கோருக்கு

இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் வாரா வாரம் குறைகிறது, வண்டி நின்ற இடத்தில் தரை காய்ந்தே கிடக்கிறது. பழைய வண்டியில் இப்படி நடந்தால் பலர் நேராக ஹெட் கேஸ்கட்டைத்தான் (இன்ஜின் பிளாக்குக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவே உள்ள சீல்) சந்தேகப்படுவார்கள். அதற்கு முன் பானெட்டைத் திறந்து, இன்ஜினுக்கும் டாஷ்போர்டுக்கும் நடுவே இருக்கும் தகட்டுச் சுவர்ப் பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே இரண்டு ரப்பர் ஹோஸ்கள் உள்ளே போகும். அவற்றில் ஒன்றின் நடுவில் இருக்கும் சின்ன வால்வுதான் ஹீட்டருக்கு எவ்வளவு சுடுநீர் போகவேண்டும் என்று தீர்மானிக்கிறது. அதிலிருந்து விழும் சொட்டு பெரும்பாலும் சூடான இன்ஜின் மேலேயே விழுந்து ஆவியாகிவிடும். தரையில் தடயம் இல்லாததற்கு அதுதான் காரணம்.

இந்த வேலை 'சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்' கதைதான். வால்வு மலிவு. அதைக் கழற்றுகிற அவசரத்தில் ஹீட்டர் கோரின் (டாஷ்போர்டுக்குள் சுடுநீரால் காற்றைச் சூடாக்கும் சின்ன ரேடியேட்டர்) குழாயை வளைத்தோ உடைத்தோ விட்டால், பல வண்டிகளில் டாஷ்போர்டு முழுவதையும் இறக்க வேண்டி வரும். கீழே வரும் பாதி விஷயம் அந்தக் குழாயைக் காப்பாற்றுவது பற்றியதே.

முதலில், கசிவு எங்கே என்று உறுதியாகத் தெரிய வேண்டும். கூலன்ட் ஒழுகிக் காய்ந்த இடத்தில் உப்புப் பூத்த மாதிரி வெள்ளையாகவோ, கூலன்டின் நிறத்திலோ ஒரு படிவு இருக்கும். தொட்டால் பிசுபிசுக்கும், இனிப்பான வாடை அடிக்கும். வண்டிக்குள் கால்மிதியடி நனைந்திருந்தால், அது ஏசி தண்ணீரா கூலன்டா என்று பிரித்துப் பாருங்கள். ஏசி தண்ணீருக்கு நிறமும் வழவழப்பும் கிடையாது. கூலன்ட் என்றால் முன்கண்ணாடியின் உட்புறத்தில் எண்ணெய் தடவியது போல் ஒரு மங்கலும் சேர்ந்தே வரும். அப்போது வால்வு டாஷ்போர்டுக்கு உள்ளே இருக்கும் ரகமாக இருக்கலாம், அல்லது ஹீட்டர் கோரே போயிருக்கலாம்.

வால்வு கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால் அதை நன்றாகத் துடைத்து, ஒரு டிஷ்யூ பேப்பரை மூன்று இடங்களில் ஒற்றிப் பாருங்கள்: லீவர் தண்டு உடலுக்குள் நுழையும் இடம், உடலின் ஒட்டுக்கோடு, ஹோஸ் மாட்டிய வாய். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. லீவரை ஒரு பக்கம் தள்ளினால் ஒழுகி, மறுபக்கம் தள்ளினால் நின்றுவிட்டால், தண்டைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம், அதாவது ஓ-ரிங், தேய்ந்துவிட்டது. மாதக்கணக்கில் ஹீட்டரைத் தொடாமல் விட்டுத் திடீரென்று லீவரைத் தள்ளும்போதுதான் இது அதிகம் நடக்கும். தண்டில் படிந்த உப்பு, ஓ-ரிங்கைக் கீறிவிடும். ஒட்டுக்கோட்டில் ஈரம் என்றால் பிளாஸ்டிக் உடல் வெடித்திருக்கிறது. பல வருடம் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, பிளாஸ்டிக் மொறுமொறுப்பாகிவிடும். எந்தப் பசையும் அங்கே நிற்காது. ஹோஸ் வாயில் மட்டும் ஈரம் என்றால் வால்வு நிரபராதி. ஹோஸையும் கிளிப்பையும் மாற்றினால் போதும்.

இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது எதுவும் தெரியாவிட்டால், ரேடியேட்டர் மூடி இருக்கும் இடத்தில் பிரஷர் டெஸ்டரை மாட்டி, மூடியில் அச்சிட்ட அழுத்தம் வரை மட்டும் ஏற்றுங்கள். பல வண்டிகளில் அது 0.9 அல்லது 1.1 பார். கால் மணி நேரத்தில் முள் இறங்குகிறதா என்று பாருங்கள். மூடியையும் சோதிப்பது நல்லது. உரிய அழுத்தத்தில் திறக்காத மூடி, இருப்பதிலேயே பலவீனமான இடத்தைத்தான் முதலில் உடைக்கும். புது வால்வும் சீக்கிரம் அதே வழிக்குப் போகும்.

வால்வு கேபிளில் இயங்காமல், இன்ஜினின் உறிஞ்சு விசையில் இயங்கும் வாக்குவம் ரகமாக இருந்தால், அதன் சின்ன ரப்பர் குழாயைக் கழற்றி உள்ளே ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். ஈரம் இருந்தால் தண்டு சீல் போய்விட்டது. வால்வை இழுக்கும் ரப்பர் சவ்வு (டயாஃப்ரம்) கிழிந்தால் தண்ணீர் ஒழுகாது. அதற்குப் பதில் ஐடிலிங் (வண்டி நிற்கும்போது இன்ஜின் ஓடுவது) தடுமாறலாம், வால்வு சொன்ன பேச்சைக் கேட்காது.

புது வால்வு வரும்வரை வண்டி ஓடியாக வேண்டுமென்றால், வால்வையும் ஹீட்டரையும் விலக்கிவிட்டு, இன்ஜினிலிருந்து வரும் வாயையும் திரும்பிப் போகும் வாயையும் ஒரே ஹோஸால் வளையமாக இணைத்துவிடலாம். இரண்டு வாயையும் தனித்தனியாக அடைப்பதை விட இது மேல். சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் (சூடேறியதும் ரேடியேட்டருக்கு வழிவிடும் வால்வு) திறக்கும் முன் தண்ணீர் சுற்றிவருவதே ஹீட்டர் வழியாகத்தான். அதை அடைத்தால் தெர்மோஸ்டாட்டுக்குச் சூடு சரியாகத் தெரியாது. ஹோஸின் உள்விட்டம் பொதுவாக 16 அல்லது 19 மில்லிமீட்டர். அளந்து வாங்குங்கள். வளையம் மடிந்து நசுங்காத அளவுக்கு நீளம் இருக்கட்டும். கண்ணாடியில் பனி மூடினால் விலக்க ஹீட்டர் இருக்காது என்பதை மட்டும் மறக்கக் கூடாது. ரேடியேட்டரில் கொட்டும் 'லீக் அடைக்கும்' பொடி, திரவம் எதுவும் வேண்டாம். ஹீட்டர் கோரின் குழாய்கள் மெல்லியவை. அந்தப் பொருள் முதலில் அடைப்பது அவற்றைத்தான்.

இனி கழற்றுவது. இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும், கையால் தொட்டால் சூடு தெரியக் கூடாது. மூடியைத் திறந்து, தண்ணீர் மட்டம் ஹீட்டர் ஹோஸுக்குக் கீழே இறங்கும்வரை வடித்தால் போதும். முழுவதையும் வடிக்கத் தேவையில்லை. ஹோஸைக் கவ்வி அடைக்கும் குறடு பழைய ரப்பருக்கு ஆகாது, கவ்விய இடத்தில் உள்ளே விரிசல் விடும். எந்த ஹோஸ் எந்த வாயில் இருந்தது, வால்வின் அம்புக்குறி எந்தப் பக்கம் பார்க்கிறது, கேபிள் உறையை எந்த இடத்தில் கிளிப் பிடித்திருக்கிறது என்பதையெல்லாம் போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

ஹோஸை இழுக்காதீர்கள். முறுக்கவும் வேண்டாம். வருடக்கணக்கில் மாட்டியிருந்த ரப்பர், குழாயோடு ஒட்டியே போயிருக்கும். கோரின் வாய் மெல்லிய செம்பு அல்லது அலுமினியக் குழாய். முறுக்கினால் அது பற்றவைத்த இடத்தில் கிழியும். கிளிப்பைத் தளர்த்திப் பின்னால் தள்ளிவிட்டு, ஹோஸின் நுனியிலிருந்து நீளவாக்கில் பிளேடால் ஒரு கோடு கிழியுங்கள். பிளேடு உலோகத்தைத் தொடாமல் ரப்பரின் முக்கால் ஆழம் போனால் போதும். மீதியைக் கட்டைவிரலால் பிளந்தால் வாழைப்பழத் தோல் மாதிரி உரிந்து வரும். ஹோஸ் வீணாகிறதே என்று கவலைப்பட வேண்டாம், அந்த வயதுக்கு அதையும் மாற்றத்தான் வேண்டும். பிறகு குழாய் வாயை நைசான உப்புத்தாளால் சுற்றிவரத் தேய்த்து, ஒட்டிய ரப்பரையும் படிவையும் எடுங்கள். நீளவாக்கில் தேய்த்தால் அந்தக் கீறல் வழியாகவே தண்ணீர் வெளியேறும்.

கழற்றிய வால்வுக்குள் பழுப்புச் சேறு இருந்தால் கோருக்குள்ளும் அதுதான் இருக்கும். தண்ணீர் வெளியே போகும் வாயிலிருந்து உள்ளே வரும் வாய்க்கு, எதிர்த்திசையில், குறைந்த அழுத்தத்தில் தண்ணீர் விட்டுத் தெளிவாகும்வரை அலசுங்கள். இங்கே கம்ப்ரசர் காற்றை முழு வேகத்தில் விடுவது வினையை விலைக்கு வாங்குவது.

எம்ஜிபி, பழைய மினி போன்ற பிரிட்டிஷ் கார்களில் வால்வு ஹோஸ் நடுவில் இல்லாமல் சிலிண்டர் ஹெட்டிலேயே பொருத்தியிருக்கும். அங்கே கேஸ்கட்டையும் கட்டாயம் மாற்றுங்கள். வால்வைப் பிடித்திருக்கும் துருப்பிடித்த ஸ்டட்களுக்கு (திருகுக் கம்பிகள்) துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவிடுங்கள்.

புதிதை மாட்டும்போது அம்புக்குறி தண்ணீர் போகும் திசையில் இருக்கட்டும். ஹோஸ் ஏறச் சிரமப்பட்டால் வாயில் கொஞ்சம் கூலன்டைத் தடவுங்கள். கிரீஸோ இன்ஜின் ஆயிலோ தடவினால் கூலன்ட் ஹோஸின் ரப்பர் ஊதிப் பதம் கெட்டுவிடும். கிளிப், வாயின் மேட்டுக்குப் பின்னால் உட்கார வேண்டும், மேட்டின் மேலே அல்ல. பிளாஸ்டிக் வாய்க்கு ஸ்பிரிங் கிளிப்தான் பொருத்தம். சூட்டில் விரிவதற்கும் குளிரில் சுருங்குவதற்கும் அது கூடவே போகும். திருகுக் கிளிப் போட்டால், பட்டையின் துளைகள் வழியாக ரப்பர் பிதுங்கும்போதே இறுக்கம் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம்.

கேபிளைப் பொருத்த டாஷ்போர்டு குமிழைக் குளிர்ப் பக்கம் முழுவதும் தள்ளுங்கள், வால்வு லீவரை முழுக்க மூடிய நிலையில் வையுங்கள், அதற்குப் பிறகு உறையைக் கிளிப்பில் பிடியுங்கள். இதில் அவசரப்பட்டால் வால்வு முழுதாக மூடாது, வெயில் காலத்தில் ஏசி குளிரவில்லை என்று வேறெங்கோ தேடிக்கொண்டிருப்பீர்கள்.

கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். எத்திலீன் கிளைகால் ரகத்தில் இந்தக் கலவை சுமார் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. பழைய கூலன்டோடு வேறு ரகத்தைக் கலந்தால் கூழாகத் திரளக்கூடும், தெரியாவிட்டால் பழையதை முழுக்க வடித்துவிடுங்கள். ஊற்றும்போது ஹீட்டர் குமிழ் முழுச் சூட்டில் இருக்க வேண்டும், இல்லையென்றால் கோருக்குள் காற்று சிக்கிக்கொள்ளும். வண்டியின் மூக்கு கொஞ்சம் மேலே தூக்கியிருந்தால் நல்லது. காற்றுத் திருகு இருந்தால் குமிழி நிற்கும்வரை திறந்து வையுங்கள். தெர்மோஸ்டாட் திறந்து, இரண்டு ஹீட்டர் ஹோஸும் ஒரே மாதிரி சூடானால் காற்று போய்விட்டது. ஒன்று சூடாகவும் மற்றது வெதுவெதுப்பாகவும் இருந்தால் இன்னும் காற்று இருக்கிறது, அல்லது கோர் அடைத்திருக்கிறது.

மறுநாள் காலை, இன்ஜினைக் கிளப்பும் முன் மட்டம் பாருங்கள், கிளிப்புகளைச் சுற்றி டிஷ்யூவால் ஒற்றிப் பாருங்கள். குளிரில் ரப்பர் சுருங்கும்போது மட்டும் ஒழுகும் கிளிப்புகள் அந்த நேரத்தில்தான் பிடிபடும். வடித்த கூலன்டை மூடியுள்ள டப்பாவில் எடுத்து வையுங்கள், தரையில் சிந்தியதை உடனே கழுவுங்கள். அது இனிக்கும், நாயும் பூனையும் நக்கும். கொஞ்சம் போனாலே சிறுநீரகம் போய்விடும்.