சிபியு 0, சர்வர் மௌனம்: டெட்லாக்கைப் பிடித்த வழி

லினக்ஸில் ஓடும் பணப் பரிமாற்ற சர்வர் திடீரென்று பதில் தருவதை நிறுத்தியது. கிராஷ் ஆகவில்லை, லாகிலும் எரர் எதுவும் இல்லை. சிபியு பயன்பாட்டைக் காட்டும் டாப் கமாண்டில் சிபியு 0. முடிவில்லாத லூப் என்றால் ஒரு கோராவது 100 சதவீதத்தில் கொதிக்கும். பூட்டுக்காகக் காத்திருக்கும் த்ரெட்டையோ (ஒரு பிராசஸுக்குள் தனியாக ஓடும் வேலைச் சரடு) கர்னல் தூங்க வைத்துவிடும். ஆனால் டேட்டாபேஸ் பதிலுக்காகக் காத்துக் கிடந்தாலும் இதே 0 தான் வரும். அதனால் உள்ளே போய்ப் பார்க்காமல் டெட்லாக் (த்ரெட்டுகள் ஒன்றின் பூட்டுக்காக இன்னொன்று காத்து, எதுவுமே நகராமல் நிற்பது) என்று முடிவு கட்ட முடியாது.

கை தானாக ரீஸ்டார்ட்டுக்குத்தான் போகும். அடக்கிக்கொள்ளுங்கள், தடயமெல்லாம் அந்த மெமரியில்தான் கிடக்கிறது.

ஓடுகிற பிராசஸின் எண்ணைக் கொடுத்து ஜிடிபி டீபக்கரை இணைக்க வேண்டும். உபுண்டுவில் வழக்கமாக சூடோ கேட்கும். பிறகு, ஒவ்வொரு த்ரெட்டும் எங்கே நிற்கிறது என்று காட்டும் 'த்ரெட் அப்ளை ஆல் பிடி'. பக்கம் பக்கமாகக் கொட்டும். அதில் மியூட்டெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டுமே வைத்திருக்கக்கூடிய பூட்டு) லாக் அழைப்பில் நிற்கும் த்ரெட்டுகளை மட்டும் பொறுக்கினால் போதும். டீபக் தகவலோடு கம்பைல் செய்திருந்தால் அந்த மியூட்டெக்ஸை பிரிண்ட் செய்யலாம். அதில் ஓனர் என்ற புலத்தில் பூட்டை வைத்திருக்கும் த்ரெட்டின் எண் இருக்கும். த்ரெட் 4127 கேட்ட பூட்டு த்ரெட் 4131 கையில். 4131 கேட்டது 4127 கையில். வட்டம் மூடிவிட்டது.

கோடில் தவறு சாதாரணமானது. பணம் அனுப்பும் கணக்கை முதலில் பூட்டி, பெறும் கணக்கை அடுத்துப் பூட்டியிருந்தார்கள். கணக்கு 101இலிருந்து 205க்கு ஒருவர், 205இலிருந்து 101க்கு இன்னொருவர், ஒரே நேரத்தில். இரண்டு பூட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி மிகச் சிறியது, டெஸ்டில் சிக்கவே சிக்காது. நடுவில் 1 மில்லிசெகண்ட் ஸ்லீப் வைத்து ஓட்டியதும் சட்டென்று மாட்டியது.

டெட்லாக்குக்கு நான்கு நிபந்தனைகளும் சேர வேண்டும் என்று காஃப்மன் குழுவினர் 1971இல் எழுதினார்கள். அதில் ஒன்றான பரஸ்பர விலக்கை, அதாவது ஒரு பூட்டு ஒரு நேரத்தில் ஒருவருக்கே என்பதை, கைவிட்டால் கணக்கு இருப்பே குழம்பும். உடைக்கச் சுலபமானது இன்னொரு நிபந்தனை: ஒருவர் பூட்டுக்கு மற்றவர் காக்கும் வட்டக் காத்திருப்பு. பணம் எந்தத் திசையில் போனாலும் சிறிய கணக்கு எண்ணை முதலில் பூட்டு, மாற்றம் அவ்வளவுதான்.

இதிலும் ஒரு பொறி உண்டு. 101இலிருந்து 101க்கே யாராவது அனுப்பினால் ஒரே மியூட்டெக்ஸை ஒரே த்ரெட் இருமுறை பூட்டப் பார்க்கும். சாதாரண மியூட்டெக்ஸ் என்றால் தன்னிடமே மாட்டி நின்றுவிடும். ஒரே த்ரெட் மறுபடி பூட்ட அனுமதிக்கும் ரிகர்சிவ் மியூட்டெக்ஸ் போடச் சொல்வார்கள். அது தவறை மூடி வைக்கிற வேலை. இரண்டு எண்ணும் ஒன்றா என்று பூட்டுவதற்கு முன்பே பாருங்கள். காத்திருக்காமல் பூட்டை முயன்று பார்க்கும் ட்ரைலாக் போட்டு, கிடைக்காவிட்டால் விட்டுவிட்டு மறுபடி முயல்வதும் ஒரு வழிதான். ஆனால் இரண்டு த்ரெட்டும் ஒரே தாளத்தில் விலகி விலகி வந்தால் லைவ்லாக். அப்போது சிபியு எரியும், வேலை நகராது.

திருத்திய பிறகு, த்ரெட் தவறுகளைக் கண்டுபிடிக்கும் கருவியான த்ரெட் சானிடைசரோடு கம்பைல் செய்து டெஸ்டை ஓட்ட வேண்டும். உண்மையில் மாட்டிக்கொள்ளாவிட்டாலும், இரண்டு வரிசையும் வெவ்வேறு நேரத்தில் நடந்திருந்தாலே பூட்டு வரிசை முரண் என்று காட்டிக்கொடுக்கும். புரோகிராம் 5 முதல் 15 மடங்கு மெதுவாகும், அதனால் டெஸ்ட் மெஷினோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.